ஐப்பசி எட்டிப் பார்க்காத மாடி

ஹைதராபாத்துக்குப் புதிதாக வந்து சேரும் தமிழ்க் குடும்பத்தில் யாராவது மாடியில் நாலு தொட்டி வைத்துவிட்டால் போதும், எப்படியாவது என் எண்ணைப் பிடித்துவிடுகிறார்கள். எந்த மாதம் எதை விதைப்பது, வெயிலுக்கு என்ன செய்வது, குளிருக்கு என்ன செய்வது என்று கேள்வி வரும். எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஐப்பசியை மறந்துவிடுங்கள். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை அவர்களும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன?

நான் கும்பகோணத்துக்காரன். அங்கே இருந்த முப்பத்தைந்து வருடத்தில் ஒரு வெண்டை விதையைக்கூட மண்ணில் போட்டவன் இல்லை. அப்பாவுக்கு வங்கி வேலை. எங்கள் வீட்டுக்குக் காய்கறி எல்லாம் கடையிலிருந்துதான் வந்தது. இருந்தாலும் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு மழையைப் பற்றி எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்கிற மிதப்பு மட்டும் எனக்கு நிறையவே இருந்தது.

கணினி நிறுவன வேலைக்காக நான் முதலில் இங்கே தனியாகத்தான் வந்தேன். ஒரு வருடம் விடுதிச் சாப்பாடு. அடுத்த மே மாதக் கடைசியில் மனைவியும் மகளும் வந்தார்கள். மனைவி ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. பன்னிரண்டு வருடமாகப் பார்த்த வேலை. தலைமையாசிரியை நல்ல மனுஷி, ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு கொடுத்திருந்தார். அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது வருவாளா மாட்டாளா என்பதைப் பொங்கல் விடுமுறை முடிந்ததும் சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த ஊர் அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் மகளைக் கூட்டிக்கொண்டு அவள் திரும்பிவிடுவாள். நான் மறுபடியும் தனியாளாகி மாதம் ஒருமுறை ரயிலேற வேண்டும். இதைச் சண்டை இல்லாமல், உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்திருந்தோம். ஆனால் அந்த ரயிலை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

நகரத்தின் வடகோடியில், அல்வாலில் ஒரு வீட்டின் முதல் மாடி எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. கீழே வீட்டுக்கார அக்கா. அவர் மாமனார் காலத்திலேயே ஆற்காடு பக்கத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். அக்காவின் தமிழில் பாதி தமிழ், மீதி தெலுங்கும் இந்தியும். வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து ரவிக்கை தைப்பார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தொட்டி வைக்க அனுமதி கேட்டபோது, மேல்தளம் ஓதம் அடிக்கும் என்று முகத்தைச் சுளித்துவிட்டுத்தான் சரி என்றார்.

மே மாதக் கடைசி வெயில் இங்கே ஆளைச் சுருட்டிவிடும். மனைவிக்கு அந்த முதல் பத்து நாளில் பேச ஆள் இல்லை. எனக்கு அலுவலகம் நகரத்தின் மறுகோடியில். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவேன். அவளுக்குத் தெலுங்கு தெரியாது, இந்தி அரைகுறை. நாற்பது பிள்ளைகளிடம் நாள் முழுக்கப் பேசிப் பழகிய வாய் அது. ஒருநாள் அவள் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். பள்ளித் தோட்டத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்த்த அவரையின் விதைகள். இன்னொன்றும் எடுத்தாள், எழுதாத பாடக்குறிப்பு நோட்டு ஒன்று. அன்றிலிருந்து எங்கள் மாடித் தோட்டம் பாடத்திட்டப்படி நடந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம்: நோக்கம், செயல்பாடு, மதிப்பீடு.

நோக்கம்: அவரை முளைத்தல். செயல்பாடு: விதையை ஆறு மணி நேரம் ஊறவைத்து, விரல்கணு ஆழத்தில் ஊன்றுதல். மதிப்பீடு: பத்தில் எட்டு. நான் கேலி செய்தால், "நீங்க போய் உங்க கம்ப்யூட்டரைப் பாருங்க" என்பாள்.

ஜூன் முதல் வாரம் கழிந்து ஒரு மதியம் கீழ்வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் மீன் குழம்போடு மேலே வந்தாராம். மிருகசீரிடத்தில் சூரியன் நுழையும் நாள் அது, இங்கே எல்லா வீட்டிலும் அன்று மீன் உண்டு, மழை அன்றிலிருந்து கணக்கு என்று சொன்னாராம். விதை போடுவதென்றால் இனிப் போடலாம் என்றாராம். மனைவி அதை அப்படியே நோட்டில் ஏற்றினாள். ஊரில் ஆடி வரட்டும் என்று காத்திருப்பவள், இங்கே வைகாசி முடிவதற்குள் அவரை, புடலை, வெண்டை மூன்றையும் ஊன்றிவிட்டாள். நாலாம் நாள் மழை வந்தது. அந்த அக்கா சொன்ன நல்ல காலத்தில்தான் எங்கள் பந்தலே எழுந்தது. அதற்கு அவருக்கு நன்றி சொல்ல அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு மழைக்காலம் முழுக்க மனைவிக்கு மாடியில்தான் வேலை. இந்தச் செம்மண்ணில் கல் அதிகம். சலித்து, தென்னைநார்த் தூளும் மட்கிய சாணமும் சரிபாதி கலந்தால்தான் தொட்டியில் தண்ணீர் தேங்காது. லோத்குண்டா பக்கத்து ராணுவ நிலத்திலிருந்து மயில்கள் வந்து இளங்குருத்தைக் கொத்தின. பழைய புடவையைக் கிழித்துச் சுற்றிலும் கட்டினாள். போவன்பள்ளி காய்கறிச் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் துரத்தி, கொட்டிக் கிடக்கும் முட்டைக்கோஸ் இலைகளை மட்கு எருவுக்கு மூட்டை கட்டி வரச் சொன்னாள். அலுவலகத்தில் மேலாளன், அங்கே குப்பை பொறுக்குகிறவன். மூன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த மகள் தெருப்பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டு எதற்கெடுத்தாலும் வேண்டாம் என்பதற்கு "நக்கோ" சொல்லத் தொடங்கினாள். கீரை வேண்டுமா என்றால் நக்கோ. குளிக்கப் போ என்றால் நக்கோ. பிள்ளை ஊரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் அம்மா ஒட்டிக்கொண்டாளா என்பது எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயம்.

புரட்டாசியில் தக்காளி நாற்று விட்டாள். தசரா சமயம் அவரைக்கொடி பந்தலை மூடிக் கத்தரிப்பூ நிறத்தில் மொட்டு வைத்தது. தீபாவளி முடிந்த கையோடு ஊரிலிருந்து தகவல்: அவள் அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, கூட இருக்க ஆள் வேண்டும். பதினைந்து நாள். கிளம்பும்போது என்னிடம் மகளைப் பற்றி நாலு வார்த்தை, மாடியைப் பற்றி ஒரே வார்த்தை சொன்னாள். "தண்ணி மட்டும் பாத்துக்குங்க."

எனக்குச் சிரிப்பு. ஐப்பசி பிறந்து பத்து நாளாகிறது. ஐப்பசியில் எவனாவது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவானா? ஊரில் இந்த மாதம் குடை காயாது, துணி காயாது, மாடியில் தண்ணீர் வடிய வழி பண்ணுவதுதான் வேலை. நான் அதைத்தான் பண்ணினேன். ஒரு சனிக்கிழமை முழுக்க வியர்க்க விறுவிறுக்க எல்லாத் தொட்டியையும் செங்கல் மேல் தூக்கி வைத்தேன். அடியில் கூடுதலாக ஓட்டை போட்டேன். அடைமழையில் தக்காளி நாற்று சாய்ந்துவிடக் கூடாதே என்று நீலத் தார்ப்பாயை இழுத்து மூடி நாலு மூலையிலும் கல் வைத்தேன். அவரைத் தொட்டியைச் சுற்றி மண்ணைக் கூராகக் குவித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காதபடி செய்தேன். மழைக்கு எல்லாம் தயார் என்று மனைவியிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். அவள் பக்கம் மருத்துவமனைத் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. "சரிங்க" என்று வைத்துவிட்டாள். அவளும் டெல்டாக்காரிதான்.

அங்கே பெய்கிறது, நாளைக்கு இங்கே வந்துவிடும் என்று நினைத்தேன். எழுநூறு எண்ணூறு கிலோமீட்டர் தாண்டி எந்த மழை எதற்கு எனக்காக வர வேண்டும் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. சாயங்காலம் மேற்கே கொஞ்சம் மேகம் தெரிந்தால் போதும், இன்றைக்கு வந்துவிடும் என்பேன். காலையில் பார்த்தால் துடைத்து வைத்த வானம். இப்படி எட்டு நாள் போனது. மொட்டைமாடிப் படியை ஏறிப் பார்க்கக்கூட எனக்கு ஒழியவில்லை. மழை பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மிளகாய் காயவைக்க மாடிக்குப் போன அக்கா இறங்கிவந்து எங்கள் கதவைத் தட்டினார். கையில் காலி வாளி. சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"இன்னா தம்பி, செடிங்க எல்லாம் காய்ஞ்சி போச்சு. கைக்கு, ஏன் தண்ணி ஊத்தல?"

ஐப்பசி மழை வரும் என்று காத்திருக்கிறேன் என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

 அக்கா சிரித்தார், பாவம், அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "ஹவ், ஆமா, அது உங்க ஊரு மழ தம்பி. இங்க தசரா போனா மழையும் போச்சு. இனிமே ஜூன்லதான். எங்க மாமியார்கூட இங்க வந்த புதுசுல, மழ வரும்னு சொல்லி வரட்டி எல்லாம் உள்ள அடுக்கினு குந்தினு இருந்தாங்களாம்."

நான் மாடிக்கு ஓடினேன். தார்ப்பாயைத் தூக்கினேன். உள்ளே பகல் வெயிலின் வெக்கையில் தக்காளி நாற்றுகள் வெந்து, கீரை மசித்தது மாதிரி படுத்துக் கிடந்தன. புடலை முடிந்திருந்தது. அவரைக்கொடி பந்தலோடு தொங்கியது. இலையெல்லாம் மஞ்சள். மொட்டுகள் கீழே கொட்டிக் கிடந்தன. தொட்டி மண் மட்டும் கறுப்பாக ஈரமாக இருந்தது. அக்கா என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே நாலு வாளித் தண்ணீரைக் கீழிருந்து தூக்கிவந்து அவரைக்கு ஊற்றியிருந்தார். மாடி ஓதம் அடிக்கும் என்றவர். அன்று அவர் ஊற்றாமல் இருந்திருந்தால் இந்தக் கதையை நான் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

எனக்கு அழுகை வந்தது. செடிக்காக இல்லை. பொங்கலுக்கு இன்னும் இரண்டரை மாதம்தான். இந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது இந்த மாடி ஒன்று. அதையும் காயப்போட்டுவிட்டு அவளை இங்கேயே இரு என்று எந்த முகத்தோடு சொல்வது?

அடுத்து நான் செய்தது அதைவிடக் கேவலமான காரியம். அன்று மாலையே நாற்றங்கால் கடைக்குப் போய் எட்டுத் தக்காளி நாற்று வாங்கி, செத்தவற்றைப் பிடுங்கிவிட்டு அதே தொட்டிகளில் நட்டேன். அவளுக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தேன். மகளிடம் அம்மாவிடம் சொல்லாதே என்றேன். அவள் நக்கோ என்று சொல்லவில்லை, அதுவே பெரிய விஷயம்.

மனைவி வந்தாள். பையை வைத்துவிட்டு நேரே மாடிக்குத்தான் போனாள். நான் பின்னாலேயே போனேன். தக்காளித் தொட்டிக்கு முன் குனிந்து ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்தாள்.

"இது நான் வச்சது இல்லையே" என்றாள்.

முழுவதும் சொன்னேன். தார்ப்பாய், செங்கல், எட்டு நாள் மேகம், அக்காவின் வாளி, கடை நாற்று. ஒன்றையும் விடவில்லை. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீழே கிடந்த காய்ந்த மொட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இங்க நான் பேசறதுக்கு இதுங்கதாங்க இருந்துது" என்றாள்.

நானும் குனிந்து மொட்டுகளைப் பொறுக்கினேன். பிறகு அவளே சொன்னாள், "போன்ல நீங்க சொல்றப்ப நானும் சரின்னுதானே சொன்னேன். அங்க மழை கொட்டிக்கிட்டு இருந்துது. எனக்கும் தோணலை." அப்படிச் சொல்ல அவளுக்கு ஒரு கட்டாயமும் இல்லை. தப்பில் பாதியை அவளாகவே எடுத்துக்கொண்டாள். இன்றுவரை அதை நான் மறக்கவில்லை.

மறுநாள் அவள் கத்தரிக்கோலோடு மேலே போனாள். காய்ந்த நுனிகளையெல்லாம் பச்சை தெரியும் இடம்வரை வெட்டினாள். நான் கூராகக் குவித்த மண்ணைக் கலைத்து நடுவில் குழி பறித்தாள். காய்ந்த இலையையே மேலே மூடாக்காகப் போட்டாள். நுனி வெட்டிய செடிக்கு ஒரேயடியாகத் தண்ணீர் விட்டால் வேர் அழுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நாளில் பழக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே செய்தாள். தண்ணீர் தூக்குவது என் பொறுப்பு. குளிர் இறங்கிவிட்டதால் சாயங்காலம் ஊற்றக் கூடாது, வெயில் ஏறிய பிறகுதான். அதற்காக அலுவலகத்துக்கு அரைமணி தாமதமாகப் போனேன். இப்போது கேட்கிறவர்களிடம் நான் அள்ளிவிடும் யோசனைகளெல்லாம் அந்த வாரங்களில் வாளியோடு நின்று காதில் வாங்கியவைதான்.

அக்காவும் அடிக்கடி மேலே வரத் தொடங்கினார். ஒரு பிடி வெந்தய விதை கொண்டுவந்து, மழை போன பிறகுதான் இங்கே கீரைக்குக் காலம், இப்போது தூவினால் மூன்று வாரத்தில் மேத்தி பறிக்கலாம் என்றார். கொத்தமல்லி, முள்ளங்கி, காலிஃபிளவர் எல்லாம் இந்தக் குளிருக்குத்தான் என்றார். மனைவி நம்பாமல்தான் போட்டாள். ஊரில் மொட்டைமாடியில் காலிஃபிளவர் வளர்க்கிறேன் என்றால் சிரிப்பார்கள். இங்கே டிசம்பர் குளிரில் அது வெள்ளையாக, கைக்கடக்கமாகப் பூத்தது. நாங்கள் வராத மழைக்கு ஏங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இந்த ஊர் வேறொன்றை எடுத்து வைத்திருந்திருக்கிறது. மாலை நேரங்களில் அக்கா தைத்துக்கொண்டிருப்பார், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். இரண்டு பேருமே யார் பாஷையிலும் சேராத ஒன்றைப் பேசிக்கொள்வார்கள்.

அவரை மார்கழி முழுக்க ஒன்றும் செய்யாமல் இருந்தது. இலை மட்டும் புதிதாக விட்டது. நடுவில் கறுப்பு அசுவினி பிடித்தது. வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து வாரம் இருமுறை இலைக்கு அடியில் அடித்தோம். பொங்கலுக்கு நாலு நாள் முன்பு பந்தல் முழுக்க மறுபடியும் பூ. குளிர் நாட்களில்தான் அவரைக்குப் பூக்கத் தோன்றுமாம். நான் எட்டு நாள் காயப்போட்டதைக் குளிர் வந்து சரிசெய்தது. அந்தப் பூவைப் பார்த்து நான் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

பொங்கல் முடிந்தது. தலைமையாசிரியையிடமிருந்து போன் வந்தது. மனைவி பால்கனிக்குப் போய்ப் பேசினாள். எனக்குக் காதில் விழவில்லை. உள்ளே வந்து, இரண்டு நாளில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.  அந்த இரண்டு நாளும் மே மாதக் கடைசி ரயிலுக்கு முன்பதிவு எப்போது திறக்கும் என்று மனதுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் காலை, அசுவினி மருந்து போன முறை எந்தக் கிழமை அடித்தோம் என்று பார்க்க அவளுடைய பாடக்குறிப்பு நோட்டை எடுத்தேன். புரட்டும்போது ஐப்பசிப் பக்கம் கண்ணில் பட்டது. மதிப்பீடு என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள்: செடிகள், பிழைத்தவை பதினொன்று. அவர், குறைதீர் கற்பித்தல் தேவை. அவர் என்றது என்னை; பள்ளியில் மக்குப் பிள்ளைகளுக்கு எழுதுகிற வாசகம் அது. சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். நேற்று எழுதியது, மை புதிதாக இருந்தது.

ஜூன், முதல் வாரம். நோக்கம்: மிருகசீரிட மழைக்கு முன் பந்தல் தயார் செய்தல். செயல்பாடு: அவரையை வடக்குச் சுவர் ஓரம் மாற்றுதல். பழைய கயிறு இற்றுவிட்டது, புதிது வேண்டும். அக்காவுக்கு இரண்டு தொட்டி, அவருக்கும் அவரை வேண்டுமாம்.

ஜூன் முதல் வாரம் கும்பகோணத்தில் பள்ளி திறக்கும் வாரம். நான் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். மாடிப்படியில் அவள் வாளியோடு ஏறும் சத்தம் கேட்டது. நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஜூனுக்கு இன்னும் நாலரை மாதம் இருந்தது. நான் அன்றைக்கே போய்க் கயிறு வாங்கிவந்துவிட்டேன்.